அந்த 5 எங்கிருந்து வந்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சி மொழி நிரலில் தொடக்க மதிப்பு தராத மாறியைக் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) பிடிக்கிறதா என்று சோதித்தேன். ‘எக்ஸ்’ என்றொரு மாறி. நிபந்தனை சரியானால் மட்டும் அதற்கு 5. கடைசியில் எக்ஸைத் திருப்பி அனுப்பும் ஃபங்ஷன், அவ்வளவுதான். கிளாங், ஜிசிசி என்ற இரண்டு கம்பைலர்களில் கிளாங் எச்சரித்தது. ஜிசிசி, நிரலை வேகமாக ஓடும்படி மேம்படுத்தச் சொல்லும் ஓ2 கொடுத்தும் வாய் திறக்கவில்லை. என் சோதனை தவறா? பேசாமல் எல்லா மாறிகளுக்கும் 0 கொடுத்துவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சோதனையில் தவறில்லை. காரியத்தைக் கெடுத்தது அந்த 5.

மதிப்பு தராத மாறியில் எதுவும் இருக்கலாம். அப்படியானால் 5 இருப்பதாகவே வைத்துக்கொள்வோம் என்கிறது ஜிசிசி. இரண்டு வழியிலும் 5 என்றானபின் நிபந்தனை எதற்கு? ஃபங்ஷன் ‘5-ஐத் திருப்பி அனுப்பு’ என்று சுருங்கிவிடுகிறது. எச்சரிக்கை தரும் கட்டம் வந்து பார்க்கும்போது தடயமே இல்லை. 2004-லேயே ஜிசிசியின் பிழைப் பட்டியலில் ஏறிய விவகாரம் இது. 5-க்குப் பதிலாக, வேறு கோப்பிலுள்ள ஒரு ஃபங்ஷன் தரும் மதிப்பை வையுங்கள். எச்சரிக்கைகளை இயக்கும் -Wall-உம் கொடுத்தால் ஓ2-இல் எச்சரிக்கை வரும். மேம்படுத்தலே இல்லாத ஓ0-இல் அப்போதும் வராது. மதிப்புகளைப் பின்தொடரும் வேலை அங்கே நடப்பதில்லை.

கிளாங், மேம்படுத்தலுக்கு முன்பே நிரலின் பாதைகளைப் பார்த்துவிடுகிறது. ஆனால் எக்ஸின் முகவரியை இன்னொரு ஃபங்ஷனுக்கு அனுப்பிப் பாருங்கள். அங்கே நிரப்பியிருப்பார்கள் என்று நம்பி அதுவும் அடங்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் 0 என்பது எனக்குப் பிடிக்காத வைத்தியம். சி நிரல்களில் பல இடங்களில் 0 என்றால் வெற்றி. மதிப்பு தர மறந்த பாதை, இனி ‘எல்லாம் நலம்’ என்று சொல்லிக்கொண்டு வெளியே வரும். எந்தக் கருவியும் அதைக் காட்டிக்கொடுக்காது. எச்சரிக்கையை அடக்குவதே குறியாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு, லினக்ஸ் தொகுப்பான டெபியன் சாட்சி. ஓடும் நிரலில் நினைவகப் பிழைகளைத் தேடும் கருவியான வால்கிரைண்டின் புகாரை நிறுத்த, 2006-இல் ரகசியச் சாவிகளை உருவாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் இரண்டு வரிகளை எடுத்தார்கள். ஒன்று போனதில் நஷ்டமில்லை. மற்றதுதான், சாவிகளுக்கு அடிப்படையான ரேண்டம் எண்களை ஊகிக்க முடியாதபடி செய்யும் விதையைச் சேர்த்த வரி. 2008 மே மாதம் விஷயம் வெளியாகும்வரை, அங்கே உருவான ஒவ்வொரு வகைச் சாவியும் ஏறக்குறைய 32,768 சாத்தியங்களுக்குள் அடங்கிக் கிடந்தது.

நீங்களும் வால்கிரைண்டை ஓட்டிப் பாருங்கள், ஆனால் ஓ0-இல் கட்டிய நிரலின் மேல். ஓ2-இல் எக்ஸ் ஏற்கெனவே 5 ஆகிவிட்டது. அங்கே வால்கிரைண்டுக்கு எதுவும் அகப்படாது. இன்னொன்று: நிரப்பாத மதிப்பை நகலெடுக்கும்போது அது பேசாது. அந்த மதிப்பை வைத்து நிரல் கிளை பிரிவது போன்ற இடங்களில்தான் புகார் எழும். ஆகவே எக்ஸை வாங்கும் இடத்தில் ஒரு நிபந்தனை இருக்கட்டும்.