கார் உதிரி பாகங்கள் ஏன் இவ்வளவு விலை? குறைவாக வாங்க வழி உண்டா?

முன் பிரேக்குக்கும் ஒரு பக்கத்து ஹெட்லைட்டுக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுத்த எஸ்டிமேட்டைப் பார்த்துத் தூக்கமே போய்விட்டது என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு நன்றாகத் தெரியும்.

சில வருடங்களுக்கு முன் என் காரின் டாஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிய ஆரம்பித்தது. சர்வீஸ் சென்டரில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "ஆல்டர்னேட்டர் போச்சு சார், முழுசா மாத்தணும்" என்றார்கள். வண்டி ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவிதான் ஆல்டர்னேட்டர். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டதும் காரையே விற்றுவிடலாமா என்று யோசித்தேன். மனசு கேட்காமல், தனியாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். அவர் இன்ஜினை ஓடவிட்டு, மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வைத்தார். 12.3 வோல்ட். "வண்டி ஓடும்போது பதினாலை ஒட்டி நிக்கணும்" என்றார். பிறகு இன்ஜினை நிறுத்தி, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் பின்மூடியைத் திறந்தார். இரண்டு ஸ்க்ரூ. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு துண்டு வெளியே வந்தது. அதுதான் சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர். அதில் நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய இரண்டு கார்பன் பிரஷ்களில் ஒன்று தேய்ந்து உள்ளேயே போயிருந்தது, இன்னொன்று நகக்கணு அளவுக்குத்தான் மிச்சம். புதுசு போட்டதும் மீட்டர் 14.2 காட்டியது. முழு ஆல்டர்னேட்டர் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

அதனால் விலை தேடுவதற்கு முன் எது கெட்டது என்பதைச் சரியாகக் கண்டுபிடியுங்கள். "மாத்தணும்" என்று யாராவது சொன்னால், "எதை அளந்து பார்த்து அந்த முடிவுக்கு வந்தீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார், கழற்றிக் காட்டுவார்.

சரி, விலை ஏன் இப்படி ஏறுகிறது? கார் கம்பெனிகள் தங்கள் காரில் இருக்கும் பாகங்களில் பெரும்பாலானவற்றைத் தாங்களே செய்வதில்லை. போஷ், டென்சோ, வேலியோ, மாஹ்லே, ஐசின் போன்ற நிறுவனங்கள் செய்து கொடுக்கின்றன. அதே பாகம் கார் கம்பெனியின் பெட்டிக்குள் போய், கிடங்கு, விநியோகஸ்தர், டீலர் என்று ஒவ்வொரு கையாக மாறி வரும்போது ஒவ்வொரு கையும் தன் லாபத்தைச் சேர்க்கிறது. அந்த மாடலின் தயாரிப்பு நின்ற பிறகும் பல வருடங்களுக்குப் பாகத்தை இருப்பில் வைத்திருக்க வேண்டும், அந்தச் செலவும் விலையில்தான் ஏறும். இது நியாயமான காரணம்தான். எனக்கு நியாயமாகப் படாதது வேறு: சின்னதாக ஒன்று கெட்டாலும் முழு அசெம்பிளியாகத்தான் தருவோம் என்பது. சைடு மிரரில் கண்ணாடி மட்டும் உடைந்திருக்கும், கூடோடு, மோட்டாரோடு, இண்டிகேட்டரோடு வாங்கச் சொல்வார்கள்.

இனி வாங்குவதற்கு வருவோம். உங்கள் கையில் இருக்க வேண்டிய முதல் ஆயுதம் பார்ட் நம்பர், அதாவது கம்பெனி ஒவ்வொரு பாகத்துக்கும் கொடுக்கும் எண். "இந்த மாடல், இந்த வருடம்" என்று மட்டும் சொல்லிக் கேட்டால் ஏமாற வாய்ப்பு அதிகம். ஒரே வருடத்துக் காரிலேயே இரண்டு அளவு பிரேக் டிஸ்க் வந்திருக்கலாம். காரின் அடையாள எண்ணான, 17 எழுத்து-எண் கொண்ட வின் நம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். பல கார்களில் முன்கண்ணாடியின் கீழ் ஓரத்திலேயே வெளியிலிருந்து படிக்கலாம், ஆர்சி போன்ற பதிவு ஆவணத்திலும் இருக்கும். அதில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்துகள் வரவே வராது. 1, 0 உடன் குழம்பக் கூடாது என்பதற்காக விட்டிருக்கிறார்கள். அதனால் வட்டமாகத் தெரிந்தால் அது பூஜ்ஜியம்தான். பாகங்கள் விற்பவரிடம் இந்த நம்பரைக் கொடுத்தால் சரியான பார்ட் நம்பரை எடுத்துவிடலாம். அந்த நம்பர் கிடைத்தபிறகு நான்கு இடத்தில் விலை கேட்பது நிமிட வேலை.

அந்த பார்ட் நம்பர் மாறியிருக்கிறதா என்றும் கேளுங்கள். பழைய நம்பரை நிறுத்திவிட்டுப் புது நம்பரில் அதே பாகத்தை விடுவது சகஜம். அப்புறம், ஒரே குழுமத்தின் கார்களையும் பாருங்கள். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, ஆடி மூன்றும் ஒரே குழுமம். பல பாகங்களுக்கு மூன்றிலும் ஒரே நம்பர்தான். டொயோட்டாவுக்கும் லெக்ஸஸுக்கும் அப்படிப் பொதுவான பாகங்கள் உண்டு.

அடுத்தது, அந்தப் பாகத்தை உண்மையில் செய்தவர் யார் என்று பார்ப்பது. என் காரின் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கை மாற்றியபோது பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதியது, செய்த நிறுவனத்தின் சொந்தப் பெட்டியில் வாங்கியது. இரண்டிலும் ஒரே அச்சுக் குறி, ஒரே தேதி வட்டம், ஒரே நிறுவனத்தின் முத்திரை. பழையதில் கார் கம்பெனியின் லோகோ இருந்த இடத்தில், புதியதில் சொரசொரப்பாகத் தேய்த்து எடுத்த தடம் மட்டும் இருந்தது. விரலால் தடவினாலே தெரிந்தது. அன்றிலிருந்து எந்தப் பாகத்தைக் கழற்றினாலும் குப்பையில் போடுவதற்கு முன் துடைத்து, அதில் இருக்கும் பெயரையும் எண்ணையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. பாகத்தின் விலையைவிட அதைக் கழற்றி மாட்டும் கூலி அதிகமா? அப்படியென்றால் மலிவானதை வாங்காதீர்கள். கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அங்கே, கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கில் மிச்சம் பிடித்தால், அது ஆறு மாதத்தில் கத்தும்போது அதே கூலியை இன்னொரு முறை கொடுப்பீர்கள். டைமிங் பெல்ட்டால் ஓடும் வாட்டர் பம்ப்பும் அப்படியே. ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், வைப்பர் போல நீங்களே ஐந்து நிமிடத்தில் மாற்றக்கூடியதற்கு நல்ல ஆஃப்டர்மார்க்கெட் பிராண்ட் (கார் கம்பெனியின் பெயரில் வராத வெளி நிறுவனத் தயாரிப்பு) தாராளமாகப் போதும்.

பிரேக்கில் சமரசம் வேண்டாம், ஆனால் கார் கம்பெனிப் பெட்டிதான் வேண்டும் என்றும் இல்லை. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடின் பின்தகட்டில் வட்டத்துக்குள் 'இ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும், பக்கத்தில் '90ஆர்' என்று தொடங்கும் எண்ணும் இருக்கிறதா பாருங்கள். அது ஐ.நா.வின் ஆர்90 என்ற வாகன விதியின்படி அங்கீகாரம் பெற்ற பேடுக்கான குறி. பிரேக் பிடிக்கும் திறன் ஒரிஜினலிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்று அந்த விதி கேட்கிறது.

ஸ்டார்ட்டர், ஸ்டியரிங் ரேக், டர்போ, பிரேக் காலிப்பர் போன்றவற்றை ரீமேனுஃபேக்சர்டாக வாங்கலாம். பழைய கூட்டை வைத்து, தேயும் பாகங்களைப் புதிதாகப் போட்டு, சோதித்து, வாரண்டியோடு தருவார்கள். முதலில் ஒரு டெபாசிட் சேர்த்து வாங்குவார்கள், உங்கள் பழையதைத் திருப்பிக் கொடுத்தால் அது திரும்பக் கிடைக்கும். இதை மறந்துவிட்டு விலை அதிகம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். உடைக்க வந்த காரிலிருந்து கதவு, பானட், டெயில் லைட், சீட் எல்லாம் எடுக்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் அதே கலரிலேயே கிடைக்கும். பெல்ட், ஹோஸ் போன்ற ரப்பர் சாமான், பிரேக் பாகங்கள், ஏர்பேக் இவற்றை மட்டும் இப்படி உடைத்த காரிலிருந்து வாங்கவே கூடாது. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு போன்றவை பல கார்களில் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரோடு இணைந்திருக்கும், அப்படியே மாட்டினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

போலிகள் பற்றி ஒரு வார்த்தை. எல்லா இடத்திலும் ஒரு விலை, ஒரே ஒரு விற்பனையாளரிடம் மட்டும் பாதி விலை என்றால் வாங்காதீர்கள். ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் வரை போலி வருகிறது. 2012-லேயே அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் போலி ஏர்பேக் பற்றி எச்சரிக்கை விட்டது. கையில் வந்ததும் பெட்டியின் அச்சு, எடை, எண் எல்லாவற்றையும் பழைய பாகத்தோடு வைத்துப் பாருங்கள். அதுவரை பழையதை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் ஹெட்லைட்டுக்கு வருகிறேன். உடைந்தது கண்ணாடியா, அல்லது விளக்கைப் பாடியோடு பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் காதுகள் மட்டுமா? கேள்வியில் அது இல்லை. லேசான இடியில் பெரும்பாலும் முதலில் ஒடிவது அந்தக் காதுகள்தான். சில கம்பெனிகள் அதற்கென்றே தனி ரிப்பேர் கிட் வைத்திருக்கின்றன. ஒடிந்த காதை வெட்டிவிட்டு, ஸ்க்ரூ போட்டுப் புதியதைப் பொருத்தலாம். எஸ்டிமேட்டில் அதை யாரும் தானாக எழுத மாட்டார்கள். பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். காதுதான் என்றால், வின் நம்பரைக் கொடுத்து அந்த கிட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு முழு விளக்கு பற்றி யோசியுங்கள்.