அருக்காணி என்று பெயர் வைக்கலாமா?

அன்புள்ள அக்கா,

எனக்குப் பெண் பிள்ளை பிறந்து இன்றோடு 23 நாள். என்னை வளர்த்தது அம்மாயிதான், அம்மாவைப் பெற்றவர். எனக்கு நாலு வயதில் அம்மா சவூதிக்கு வேலைக்குப் போய்விட்டார். அம்மாயி பெயர் அருக்காணி. அந்தப் பெயரைக் கையில் பச்சை குத்தியிருந்தார். அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது, ஆனால் 'அ' என்ற எழுத்தை நான் முதன்முதலில் பார்த்தது அந்தக் கையில்தான். போன வருசம் தவறிவிட்டார். மகளுக்கு அந்தப் பெயரையே வைக்க ஆசைப்படுகிறேன். மாமிக்குப் பிடிக்கவில்லை. ரோகிணி நட்சத்திரம், ஓ, வ, வி, வு இந்த எழுத்தில்தான் வைக்க வேண்டும் என்கிறார். கொழும்பில் இருக்கும் நாத்தனார் "ஸ்கூல்ல புள்ளையப் பார்த்துச் சிரிப்பாங்க" என்கிறார். கணவர் "வீட்டில் அப்படிக் கூப்பிடு, பதிவில் வேற பேர் போடுவோம்" என்கிறார். நான் நினைப்பது சரியா?

— பெயர் வேண்டாம், கொட்டகலை

அன்புள்ள தங்கச்சி,

வையுங்கள். பதிவிலேயே வையுங்கள்.

உங்கள் அம்மாயி வாழ்நாளெல்லாம் எத்தனை ஆயிரம் தடவை 'பேர்' வாங்கியிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்தில் ஒருநாள் வேலைக்குப் பேர் என்றுதானே சொல்கிறோம். விடியக் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் போய் நின்று, மலையேறி, அட்டைக்கடியோடு கொழுந்தெடுத்து, மடுவத்தில் நிறுத்துப் போட்டால் ஒரு பேர். தோட்டம் சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர். சின்ன வயதில் எங்கள் லயத்து வரிசை வீட்டில் சாயங்காலம் அடுப்படியில் கேட்ட முதல் கேள்வி அதுதான்: "இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?" மழை நாளில் கூடை காலியாக வந்த அம்மா "அரைப்பேர்தான்" என்று சொல்லிவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வாசல்படியில் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அரைக் கூலி என்றிருந்தால் அவ்வளவு வலித்திருக்காது. ஒரு மனுசியின் பெயரில் பாதியை வெட்டி எடுத்த மாதிரி இருக்கும் அந்தச் சொல்.

நாட்டிலும் அப்படித்தான் நடந்தது. 1948இல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரான நம் ஆட்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். அங்கேயும் எண்ணியது பேரைத்தான். அந்தக் கணக்கில் அருக்காணி, காத்தாயி, மூக்காயி என்று ஒருத்தியும் தெரிய மாட்டாள். தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலிலும் ரேஷன் கார்டிலும் மட்டும் கிடந்த பெயர்கள் இவை. அதில் ஒன்றை ஒரு பிள்ளைக்கு ஆசையோடு வைக்க ஒரு தாய் கேட்கிறாள் என்றால், எனக்கு வேறு பதில் வராது.

அருக்காணி யார் என்று நாத்தனாருக்குச் சொல்லியிருக்கிறீர்களா? காமன் கூத்து, அருச்சுனன் தபசு மாதிரி நம் மலைகளில் ஆடிவந்த பொன்னர் சங்கர் கூத்தில், அண்ணன்மார் இருவருக்கும் தங்கை அவள். அண்ணன்மார் படுகளத்தில் செத்துக் கிடக்கிறார்கள். தேடிக்கொண்டு தனியாகப் போய், அவர்களை எழுப்புகிறவள் அவள்தான். சேலம், திருச்சிப் பக்கமிருந்து கப்பலேறி வந்த சனம் இந்தக் கதையையும் கூடவே கொண்டுவந்தது. உங்கள் அம்மாயியின் பெற்றோர் விடிய விடிய அந்தக் கூத்தைப் பார்த்துவிட்டுத்தான் மகளுக்கு இந்தப் பெயரை வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பின்னால் சினிமாக்காரர்கள் இதைப் பட்டிக்காட்டுப் பெண்ணைக் கேலிசெய்யும் பெயராக ஆக்கிவிட்டார்கள். அந்தக் கேலிக்காக நாம் ஏன் பெயரை விட்டுக்கொடுக்க வேண்டும்?

பிள்ளைகள் சிரிப்பார்கள்தான். முப்பது வருசம் வகுப்பில் இடாப்புக் கூப்பிட்டவள் நான், மறைக்க மாட்டேன். ஆனால் ஒன்று பார்த்திருக்கிறேன். "ஏன் உனக்கு இந்தப் பேர்?" என்று கேட்டால் தலையைக் குனிகிற பிள்ளையைத்தான் விடாமல் சிரிப்பார்கள். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளையிடம் ஒரு வாரத்தில் அலுத்துவிடும். யதுர்ஷிகா, டிலுக்ஷிகா என்று ஐந்தாறு பேர் இருக்கும் வகுப்பில் யாரைக் கூப்பிடுகிறேன் என்று எனக்கே குழம்பும். உங்கள் மகளுக்கு அந்தக் கதையைப் பேச்சு வரும்போதே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

மாமியின் கவலையைத் தள்ளிவிடாதீர்கள். பெயர் சூட்டும் அன்று காதில் நட்சத்திர எழுத்தில் ஒரு பெயரும் சொல்லட்டும், அதையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும். பேத்தி என்ற சொல்லே பெயர்த்தி என்பதிலிருந்து வந்ததுதான், பாட்டியின் பெயரைத் தாங்குகிறவள். இதை அவரிடம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

கணவர் சொல்லும் வழிக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். வீட்டில் ஒன்று, கடதாசியில் ஒன்று என்று வாழ்ந்து நாம் பட்டது போதும். என் அம்மா அடையாள அட்டையில் பேச்சியம்மா, பிறப்புப் பதிவில் பேச்சாயி, சேமலாப நிதிக் கணக்கில் வெறும் பேச்சி. மூன்றும் ஒரே ஆள்தான் என்று காட்டி அவருடைய சொந்தக் காசை எடுக்க ஒரு வருசத்துக்கு மேல் அலைந்தோம். நான் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுக் கூடப் போவேன். ஒவ்வொரு தடவையும் கவுண்டரில் அம்மா தன் பெயரையே தயங்கித் தயங்கித்தான் சொல்வார், எது சரியென்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்ட மாதிரி. அதனால் சொல்கிறேன், பிறந்து 42 நாளுக்குள் பதிய வேண்டும், உங்களுக்கு இன்னும் 19 நாள் இருக்கிறது. படிவத்தைத் தமிழிலேயே நிரப்பக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு எழுத்தாக வாசியுங்கள். 'க்' விடுபட்டால் அருகாணி ஆகிவிடும். ஆங்கில எழுத்தில் எப்படி வரவேண்டும் என்பதையும் வீட்டிலேயே ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள், அங்கே நின்று யோசிக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. மாமி, நாத்தனார், கணவர் எல்லாரும் என்ன சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அம்மா என்ன சொன்னார் என்று கடிதத்தில் இல்லையே? அருக்காணி அவரைப் பெற்ற தாய். பிள்ளையை விட்டுவிட்டு அந்த வீட்டைவிட்டுப் போக வேண்டியிருந்ததும் அவர்தான். நம் ஊரில் பெற்றவர் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூசுவார்கள், இனி அவர் அந்தப் பெயரை நாளைக்குப் பத்துத் தடவை கூப்பிட வேண்டிவரும். அலுவலகத்துக்குப் போகுமுன் அவரிடம் கேளுங்கள். சவூதியில்தான் இன்னும் இருக்கிறார் என்றால் இன்று இரவே கோல் எடுங்கள், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு.

அன்புடன்,
அக்கா