குடிமதிப்பும் விசுவாசமும்

கேள்வி: ஏரோது அரசரின் காலத்தில் இயேசு பிறந்தபோது, சிரியாவின் ரோம ஆளுநர் சிரேனியு குடிமதிப்பு (மக்கள் கணக்கெடுப்பு) எடுத்ததாக நற்செய்தியாளர் லூக்கா எழுதுகிறார். அது ஏரோது இறந்து ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பிறகே நடந்தது என்கிறார்களே! அப்படியானால் நற்செய்தி நூல்கள் வரலாறா, வெறும் நம்பிக்கையா?

பதில்: ஆண்டுக் கணக்கில் நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். ஏரோது இறந்தது கி.மு. 4 என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸோ, ஏரோதின் மகன் அர்கெலாயு பதவி நீக்கப்பட்டு யூதேயா ரோமரின் நேரடி ஆட்சிக்குள் வந்த கி.பி. 6ஆம் ஆண்டை ஒட்டியே சிரேனியுவின் கணக்கெடுப்பை வைக்கிறார். லூக்காவின் வாக்கியத்தை 'சிரேனியு ஆள்வதற்கு முன் நடந்த குடிமதிப்பு' என்று வாசித்துச் சிக்கலைத் தீர்ப்பவர்கள் உண்டு. மூலத்தை அப்படி வளைப்பதை நான் ஏற்பதில்லை. லூக்கா காலக் கணக்கில் தவறியிருக்கிறார் என்றே கருதுகிறேன்.

ஆனால், உங்கள் கேள்வியில் உள்ள 'வெறும்' என்ற சொல்லை என்னால் கடந்துபோக முடியவில்லை. திருச்சபைகளில் சொல்லப்படும் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம் என்ற நம்பிக்கை அறிக்கையில் இயேசுவைத் தவிர இரண்டே மனிதர்களின் பெயர்கள் வருகின்றன. ஒருவர் மரியாள், மற்றவர், 'பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு' என்ற தொடரில் வரும் ரோம அதிகாரி. வரி வசூலையும் தண்டனையையும் கவனித்த ஒருவரின் பெயரை மக்கள் தலைமுறை தலைமுறையாக வழிபாட்டில் உச்சரிப்பதற்கு, தாங்கள் நம்புவது குறிப்பிட்ட ஒரு காலத்தில் நடந்தது என்று சொல்ல விரும்பியதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அப்படிச் சொல்லும் விசுவாசம் வரலாற்று விசாரணைக்குத் தன்னை உட்படுத்தியே தீர வேண்டும்.

1961இல் யூதேயாவின் செசரியா நகரில் கிடைத்த கல்வெட்டு பிலாத்துவைப் 'பிரிஃபெக்ட்' என்ற ஆளுநர் பதவிப் பெயரால் குறிக்கிறது. ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் அவரை வேறொரு பதவிப் பெயரால் 'புரொகுரேட்டர்' என்று எழுதியிருந்தார். பதவிப் பெயர் பிசகியதற்காக டாசிட்டஸை யாரும் கட்டுக்கதை எழுதியவராக்கவில்லை. லூக்காவுக்கும் அதே நீதி வேண்டும். இந்தக் கல்லைக் காட்டி 'வேதாகமம் முழுவதும் நிரூபணமாகிவிட்டது' என்பவர்களோடும் இதே பக்கத்தில் பலமுறை வாதிட்டிருக்கிறேன், இனியும் வாதிடுவேன். பிலாத்து யூதேயாவை ஆண்டார் என்பதற்கு அந்தக் கல் சாட்சி. மூன்றாம் நாள் காலையில் இயேசுவின் கல்லறை எப்படியிருந்தது என்பதற்கு அது சாட்சியன்று.

எல்லாவற்றையும் 'திட்டமாய் விசாரித்தறிந்த'தாகத் தொடங்கும் லூக்கா, குடிமதிப்பை அங்கே வைத்ததன் பொருளையும் கவனியுங்கள். அந்தக் கணக்கெடுப்பை எதிர்த்துக் கலிலேயனாகிய யூதாஸ் கலகம் செய்ததை அப்போஸ்தலர் நடபடிகளில் அவரே குறிப்பிடுகிறார். வரிக்காகக் குடிகளை எண்ணுகிற பேரரசரின் கட்டளைக்குப் பணிந்து, நிறைகர்ப்பிணியோடு ஊர் வந்து சேரும் ஏழைக் குடும்பத்தில், முன்னணையில் கிடத்தப்படும் குழந்தையை மெய்யான அரசர் என்று அவர் அறிவிக்கிறார். ஆண்டு தவறியதால் அந்த அறிவிப்பின் கூர்மை எனக்குக் குறையவில்லை.

அதற்காக அனைத்தையும் குறியீடு என்று சொல்லி ஒதுங்கிவிட அப்போஸ்தலர் பவுல் இடம் தரமாட்டார். கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் உங்கள் விசுவாசம் விருதா (வீண்) என்று கொரிந்தியருக்கு எழுதி, எது நடந்திருந்தே ஆக வேண்டும் என்பதை அவர் வரையறுத்துவிட்டார். குடிமதிப்பின் ஆண்டை அவர் அந்த இடத்தில் வைக்கவில்லை.