ஏசி வேலைக்கு மாற நினைப்போர் கேட்டவை

பாளையங்கோட்டையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஏசி, குளிர்சாதனப் பணி செய்துவருகிறேன். வேறு தொழிலிலிருந்து இதற்கு மாற விரும்புவோர் பயிற்சி குறித்துக் கேட்டவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி, அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, எனக்கு வயது 36. வேன் ஓட்டுகிறேன், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டு படிப்பதா, தனியார் நிலையத்தின் மூன்று மாதப் பயிற்சி போதுமா?

பதில்: இரண்டு ஆண்டுகள் உங்கள் வருமானம் இல்லாமல் வீடு தாங்குமானால் ஐ.டி.ஐ.க்கே போங்கள். அரசு ஐ.டி.ஐ.யில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம். மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. இந்த ஆண்டு இப்பிரிவில் இடம் இருக்கிறதா என்பதைப் பேட்டை ஐ.டி.ஐ.யில் நேரில் விசாரியுங்கள். வீடு தாங்காது என்றால் குறுகிய பயிற்சியை எடுத்துக்கொண்டு, ஒரு நல்ல மெக்கானிக்கிடம் இரண்டு கோடைக்காலம் ஹெல்பராக இருங்கள். மூன்று மாதத்தில் கருவிகளின் பெயர் தெரியும். பழுதைக் கண்டுபிடிக்கும் கண் வராது.

தனியாரிடம் பணம் கட்டுவதற்கு முன் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். வேலை நடக்கிற பட்டறையில் வெட்டிய செம்புக் குழாய்த் துண்டுகள் தரையில் கிடக்கும், வெல்டிங் வைத்த செங்கல் கறுத்திருக்கும், ஃபிளேர், அதாவது குழாய் வாயைப் புனல் போல விரிப்பது, சரியாக வராமல் பிளந்துபோன குழாய் முனைகள் ஒரு டப்பா நிறைய இருக்கும். தரை பளபளவென்று இருந்து, குழாயிலிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்ப்பின் மேல் இன்னும் பாலித்தீன் உறை கிடந்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுங்கள்.

கேள்வி, மேலப்பாளையம்: பீடி சுற்றி வருகிறேன். பெண்கள் இப்படிப்பில் சேரலாமா?

பதில்: தாராளமாகச் சேரலாம், அம்மா, அரசு ஐ.டி.ஐ.யில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. அவுட்டோர் யூனிட்டை ஆண்களே இருவராகத்தான் தூக்குகிறார்கள் என்பதால் எடையை எண்ணித் தயங்க வேண்டாம். ஆனால் சேருமுன் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள்.

கேள்வி, கடையநல்லூர்: வளைகுடா வேலைக்கு எந்தச் சான்றிதழ் உதவும்?

பதில்: இரண்டாண்டுப் படிப்பின் தேசியத் தொழிற்சான்றிதழ். அங்கே பெரிய கட்டடங்களின் சில்லர் (நீரைக் குளிரவைத்துக் கட்டடம் முழுக்க அனுப்பும் மெஷின்), டக்ட் (குளிர்காற்று போகும் தகரக் குழாய்) வேலைகள் மிகுதி. ஸ்ப்ளிட் ஏசி மட்டும் தெரிந்தவர் ஹெல்பராகவே நின்றுவிடுவார். முகவரிடம் பணம் கொடுக்குமுன், குடிபெயர்வுச் சட்டப்படி அவர் பதிவு பெற்றவர்தானா என்று பாருங்கள்.

கேள்வி, தூத்துக்குடி: ஐஸ் பிளான்ட்டில் வேலை கிடைக்கிறது. ஏசி பயிற்சி அதற்குப் பயன்படுமா?

பதில்: அடிப்படை ஒன்றுதான், கை வேலை வேறு. அங்கே பெரும்பாலும் அம்மோனியா ஓடும். அது செம்பை அரிக்கும் என்பதால் குழாய்களெல்லாம் இரும்பு. அது நச்சு வாயுவும்கூட. அங்கேயே மூத்த ஆபரேட்டரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி, சங்கரன்கோவில்: பதினைந்து ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கிறேன். வேக்கம் போடக் கற்பிப்பதாகச் சொல்லிப் பயிற்சி நிலையங்கள் நாளைக் கடத்துகின்றன. கேஸைச் சிறிது திறந்துவிட்டுக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றினால் போதாதா?

பதில்: போதாது. காற்று வெளியேறும், குழாய்ச் சுவரில் ஒட்டிய ஈரம் வெளியேறாது. 100 பாகையில் கொதிக்கும் நீர், அழுத்தம் பாதரசக் கணக்கில் 32 மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கினால் 30 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பம்ப் செய்வது அந்த வேலையைத்தான். 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர் வரை இறக்க வேண்டும். சாதாரணக் கேஜின் முள் அந்த நுட்பத்தைக் காட்டாது, மைக்ரான் கேஜ் தேவை.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஆனி மாதச் சாரலில் தென்காசியில் ஒரு விடுதிக்கு ஆர்-410ஏ என்ற வகைக் கேஸில் ஓடும் மெஷின் மாட்டினேன். அவசரத்தில் நீங்கள் சொல்கிற முறையையே செய்தேன். மறு கோடையில் கம்ப்ரெசர் நின்றுபோனது. எண்ணெயை வடித்தபோது தேன் நிறத்தில் இருக்க வேண்டியது டிகாக்ஷன் போலக் கறுத்து, மூக்கைப் பிடுங்கும் நெடியுடன் வந்தது. புதுக் கம்ப்ரெசருக்கு என் கைப்பணம் போயிற்று.

அவரே மீண்டும்: ஆர்-22 காலத்தில் இப்படிச் செய்து ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: ஆர்-22 மெஷினில் இருந்தது மினரல் ஆயில், அது ஈரத்தை அவ்வளவாக வாங்காது. ஆர்-410ஏ, ஆர்-32 மெஷின்களில் வரும் எஸ்டர் வகை எண்ணெய் ஈரத்தை இழுத்துக்கொண்டு, சிதைந்து அமிலமாகிறது. இந்தியா 2030க்குள் ஆர்-22ஐக் கைவிடுகிறது. அதன் பழக்கத்தையும் அத்தோடு விட்டுவிடுவது நல்லது. தவிர, ஆர்-32 தீப்பற்றக்கூடிய வாயு. அதைத் திறந்துவிட்டுக் காற்றை வெளியேற்றச் சொல்லுகிற அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

அவரே: பம்ப் ஓடும் நேரத்துக்கு நாளொன்றுக்கு ஒரு மெஷின் குறைகிறது. அதை யார் தருவார்?

பதில்: பம்ப் தானே ஓடுகிறது, ஐயா, அந்த நேரத்தில் டிரெயின் குழாயைக் கட்டி, டேப் சுற்றி, வயரிங்கை முடித்துவிடலாம். வாடிக்கையாளரிடமும் கூலியில் அதைச் சேர்த்தே சொல்லுங்கள். இவ்விவாதத்தை இத்துடன் விட்டுவிடுகிறேன்.

கேள்வி, வள்ளியூர், நாங்குநேரி, சேரன்மகாதேவி, மீண்டும் வள்ளியூர்: மாதம் எவ்வளவு சம்பாதிக்கலாம்?

பதில்: நால்வருக்கும் ஒரே விடை. பங்குனியிலிருந்து வைகாசி வரை சாப்பிட நேரமிருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் போன் அடிக்காது. கோடை வருமானத்தைப் பன்னிரண்டால் வகுக்கத் தெரிந்தால் இத்தொழிலில் பிழைக்கலாம். ஐந்தாவதாக யாரும் இதைக் கேட்க வேண்டாம்.

கேள்வி, களக்காடு: சோலார் வாட்டர் ஹீட்டர் வேலையையும் இதோடு கற்கலாமா?

பதில்: அது பிளம்பரின் வேலை, அவரிடம் கேளுங்கள்.

கேள்வி, ஆலங்குளம்: நான் சேர்ந்துள்ள நிலையத்தில் நைட்ரஜன் சிலிண்டர் இல்லை. வெல்டிங் ஆக்சிஜனையே குழாயில் ஏற்றி லீக் பார்க்கக் காட்டினார்கள். சரிதானா?

பதில்: தம்பி, அழுத்தமேறிய ஆக்சிஜன் கம்ப்ரெசர் எண்ணெயைத் தொட்டால் வெடிக்கும். லீக் பார்க்க நைட்ரஜன் மட்டுமே, அதுவும் ரெகுலேட்டர் வைத்தே ஏற்ற வேண்டும். கட்டிய பணத்தைக் கேளுங்கள். தராவிட்டாலும் நாளை அந்தப் பட்டறைக்குள் கால் வைக்காதீர்கள்.