பேராதனை மரங்களும் நம்ம வீட்டு மொட்டை மாடியும் - வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கண்டி பக்கத்துல இருக்கிற பேராதனை தாவரவியல் பூங்கா பத்தி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கேள்விகள்ல அஞ்சுக்கு மட்டும் இந்த தடவ பதில் சொல்றேன்.

போன மாசம் பேராதனை போனோம் மேடம். அங்க ஒரு நாகலிங்க மரத்தை இங்கிலாந்து ராஜா நட்டதுன்னு கைடு சொன்னார். நாகலிங்கம் நம்ம சிவன் கோயில் மரமாச்சே, அதை எப்படி வெள்ளைக்காரங்க கொண்டுவந்து நட்டிருப்பாங்க? - திருச்சி வாசகி

கைடு சொன்னது சரிதாம்மா. 1901-ல அஞ்சாம் ஜார்ஜும் மேரியும் வந்தப்போ நட்டது, அப்போ அவர் இன்னும் ராஜா ஆகல, இளவரசர், பட்டத்துக்கு வந்தது 1910-ல. ஆனா நீங்க கேட்டதுல இன்னொரு விஷயம் இருக்கு. நாகலிங்கத்தோட சொந்த ஊரு தென் அமெரிக்கா. கயானா பக்கத்து காட்டு மரம் அது. பூவைப் பாத்தா நடுவுல சின்ன லிங்கம், மேல படமெடுத்த நாகம், சுத்தி ஆயிரம் முனிவருங்க உக்காந்த மாதிரி இருக்கவும் நம்ம ஊர் ஜனங்க அதை சிவனுக்கே குடுத்துட்டாங்க. இலங்கையில என்னடான்னா அதையே சல் மரம்னு சொல்லி பௌத்த விகாரைகள்ல நட்டு வச்சிருக்காங்க. புத்தர் பரிநிர்வாணம் அடைஞ்சது ரெண்டு சால மரத்துக்கு நடுவுலன்னு சொல்வாங்க இல்லையா, அந்த சால மரம் வட இந்தியாவுல இருக்கிற வேற மரம், இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. எங்கிருந்தோ வந்த மரத்தை ரெண்டு சமயமும் தன்னோடதா ஆக்கிக்கிட்டதை நெனச்சா எனக்கு இப்பவும் மெய்சிலிர்க்கும்.

நான் போனப்போ காலையில ஏழரை மணி இருக்கும், கீழ விழுந்து கிடந்த ஒரு பூவை எடுத்து உள்ளங்கையில வச்சு பாத்தேன். இதழ் நல்ல கனமா தோல் மாதிரி, உள்பக்கம் ரோஸ், வெளிப்பக்கம் கொஞ்சம் மஞ்சள் ஓடுது. அந்த நாகப் படம் மாதிரி இருக்கிற பகுதியை விரலால லேசா தூக்கினா அடியில ஒரு வட்டமா குட்டி குட்டி மகரந்த காம்புங்க. இந்தப் பூவுல தேனே கிடையாது. படத்துல இருக்கிற மகரந்தம் தேனீக்கு சாப்பாடு, அது முளைக்காது, அடி வட்டத்துல இருக்கிறதுதான் விதைக்கான நிஜ மகரந்தம், தேனீ படத்துல மேயிறப்போ இது அதோட உடம்புல ஒட்டிக்கிட்டு அடுத்த பூவுக்கு போயிடும். ஒரே பூவுல ரெண்டு வகை மகரந்தம்!

வீட்டுல நடலாமான்னு நிறைய பேர் கேக்கறீங்க. காய் பீரங்கி குண்டு சைஸ், தலையில விழுந்தா ஆபத்து, உடைஞ்சா நாத்தம் தாங்காது. வழியோரம், கார் நிறுத்துற இடம் ரெண்டுலயும் வேண்டவே வேண்டாம்.

அங்க ஒரு பாதையில பைன் மாதிரி உசரமான மரங்க எல்லாம் கோணல்மாணலா சாய்ஞ்சு நிக்குது. புயல் அடிச்சதா? - நாகர்கோவில் வாசகர்

புயல் இல்ல சார். அது குக் பைன், ஆஸ்திரேலியாவுக்கு கிழக்க இருக்கிற நியூ கலிடோனியா தீவு மரம், கேப்டன் குக் 1774-ல அங்க பாத்தது. சாயிறது அதோட பிறவி குணம். 2017-ல ஒரு ஆராய்ச்சி வந்தது, அஞ்சு கண்டத்துல 256 மரத்தை அளந்து பாத்திருக்காங்க, சராசரியா எட்டரை டிகிரி சாய்வு, பூமத்திய ரேகைக்கு வடக்க நட்ட மரம் தெக்க பாத்தும், தெக்க நட்டது வடக்க பாத்தும் சாயுதாம். ஏன் அப்படின்னு இன்னும் யாரும் முடிவா நிரூபிக்கல. நம்ம நர்சரியில கிறிஸ்துமஸ் மரம்னு தொட்டியில விக்கிறாங்களே, அதுல நிறைய இந்த குக் பைன்தான், அடுத்த தடவ வாங்கறப்போ கேட்டுப் பாருங்க.

ஆம்ஹெர்ஸ்டியான்னு ஒரு மரத்தை பூக்கும் மரங்களோட ராணின்னு எழுதியிருந்தீங்க. அதோட கன்னு இங்க கிடைக்குமா, கோயம்புத்தூர் க்ளைமேட்டுக்கு வருமா? - கோவை வாசகி

எனக்கு ரொம்ப பிடிச்ச மரத்தை பத்தி கேட்டுட்டீங்க. இது பர்மா மரம். 1827-ல வாலிச்ங்கிற தாவரவியல்காரர் சால்வீன் ஆத்துப் பக்கம் ஒரு பாழடைஞ்ச மடத்து தோட்டத்துல இதை பாத்திருக்கார், பக்கத்து குகையில இருந்த புத்தர் சிலைங்களுக்கு முன்னாடி இதோட பூவை அள்ளி வச்சிருந்தாங்களாம். அப்போ கவர்னர் ஜெனரலா இருந்த ஆம்ஹெர்ஸ்டோட மனைவி, மகள் ரெண்டு பேரையும் கௌரவிச்சு பேர் வச்சார். இங்கிலாந்துல கண்ணாடி வீடு கட்டி வருஷக்கணக்கா காத்திருந்தாங்க, கடைசியில 1849-ல லூயிசா லாரன்ஸ்ங்கிற அம்மா வளத்த மரம்தான் அங்க முதல்ல பூத்துச்சு.

பூங்கொத்து சரவிளக்கு மாதிரி கீழ தொங்கும். செக்கச்செவேல்னு இருக்கும், இதழ் நுனியில மட்டும் மஞ்சள் பொட்டு. பூ வாழறது ரெண்டு மூணு நாள்தான். புது தளிர் வர்றப்போ பாக்கணும், வாடிப்போன துணி மாதிரி துவண்டு தொங்கும், மரம் செத்துடுச்சோன்னு பயந்துடாதீங்க, பச்சை ஏறினதும் தானா நிமிரும்.

கோவைக்கு வருமான்னா, கஷ்டம்தான். அதுக்கு எப்பவும் ஈரக் காத்து வேணும், காய்ப்பு ரொம்ப அபூர்வம்கிறதால பதியம் போட்டுத்தான் கன்னு எடுப்பாங்க, அதனால கிடைக்கிறதும் சுலபமில்ல. அதுக்கு பதிலா நெஜமான அசோக மரம் நடுங்க. இதுக்கு சொந்தக்கார மரம், அதே மாதிரி துவண்டு தொங்குற தளிர், கொத்து கொத்தா ஆரஞ்சு பூ, நாளாக ஆக சிவப்பா மாறும். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை மரம், காட்டுல கொறஞ்சுக்கிட்டே வருது. ஒண்ணு மட்டும் கவனமா இருங்க, அசோகான்னு கேட்டா பாதி நர்சரியில உசரமா ஊசி மாதிரி வளர்ற நெட்டிலிங்கத்தை குடுத்துடுவாங்க. என்கிட்டயே ஒரு இடத்துல அப்படி குடுத்து மூணு வருஷம் பூவுக்காக காத்திருந்தேன், அந்த வருத்தம் இன்னும் போகல. இலை ஓரம் அலை அலையா நெளிஞ்சிருந்தா அது நெட்டிலிங்கம், வாங்காதீங்க.

புல்வெளியில பெரிய குடை மாதிரி விரிஞ்சு நிக்கிற மரம் என்ன மரம்? - மதுரை வாசகர்

நீங்க ஆபீஸ் வாசல்ல தொட்டியில பாத்திருப்பீங்களே, பளபளன்னு சின்ன இலையோட ஃபைகஸ் பெஞ்சமினா, அதேதான். தொட்டியில ரெண்டு அடி, பேராதனையில அது கீழ ஒரு கல்யாணக் கூட்டமே உக்காரலாம். இடம் விட்டா இப்படி ஆகும்னு தெரிஞ்சுக்கிட்டு, தொட்டியில பெருசாயிடுச்சுன்னு காம்பவுண்ட் ஓரமா மாத்தி நடாதீங்க. வேர் செப்டிக் டேங்க், சம்ப், சுவரு எதையும் விடாது.

மொட்டை மாடியில பேப்பர் பூ கொடி வச்சு ரெண்டு வருஷம் ஆச்சு, இலையா தள்ளுது, பூவே இல்ல. அந்த பூங்காவுல மட்டும் எப்படி அப்படி பூக்குது? - சேலம் வாசகி

தினமும் ரெண்டு வேளை தண்ணி ஊத்தறீங்கன்னு லெட்டர்லயே எழுதியிருக்கீங்க, அதுதாம்மா காரணம். போகன்வில்லா பிரேசில் பக்கத்து செடி, நல்லா வெயில் வேணும், கொஞ்சம் தாகமா இருந்தாத்தான் பூக்கும். நீங்க கலர்னு பாக்கறது பூவே இல்ல, இலைதான் நிறம் மாறி நிக்குது, நெஜ பூ நடுவுல வெள்ளையா குட்டியா மூணு இருக்கும், கிட்ட போய் பாருங்க. இனிமே மேல் மண்ணு ரெண்டு இஞ்ச் காய்ஞ்சப்புறம் தண்ணி விடுங்க, யூரியாவை நிறுத்துங்க, ஆறு மணி நேரம் வெயில் படுற இடத்துக்கு தொட்டியை நகத்துங்க. நீளமா போன கிளைகளை மழை முடிஞ்சதும் வெட்டிடுங்க, புது கிளையிலதான் பூ வரும். முள்ளு இருக்கு, கையில துணி சுத்திக்கிட்டு வெட்டுங்க.