ஊர் பெருகிவிட்டது, டேங்க் போதவில்லை: இன்னொன்று கட்டினால் தீருமா?

"சேலம் பக்கத்து ஊர். 200 வீடு இப்போது 400. மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர்தான். இன்னொன்று கேட்கலாமா?" என்று கேட்டிருந்தீர்கள்.

கேட்கலாம். அதற்கு முன் உள்ளே வரும் தண்ணீரை அளந்துவிடுங்கள். வீட்டுக்கு 4 பேர் என்றால் 1,600 பேர். வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டக் கணக்குப்படி ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர், ஆக 88,000 லிட்டர். இருக்கும் தொட்டியே நாளைக்கு மூன்று தடவை நிரம்பினால் 90,000 லிட்டர் வந்துவிடும்! அதனால், காலியான தொட்டி நிரம்ப எத்தனை மணி நேரம் ஆகிறது என்று ஒரு நாள் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மேட்டூர் காவிரித் தண்ணீர் நேரம் தவறி, ராத்திரியில் வருகிறதா? அப்படியானால் பெரிய தொட்டி கட்டாயம் வேண்டும், வருவதைப் பிடித்து வைக்கலாம். போர்வெல்லை நம்பிய ஊர் என்றால் வேறு கதை. நம் மண்ணுக்கடியில் கெட்டிப் பாறை. அதன் வெடிப்புகளில்தான் தண்ணீர். சித்திரையில் ஒரு மணி நேரம் மோட்டார் ஓடினதும் குழாய் புஸ்ஸென்று காற்றைத் தள்ளும். அங்கே தரைமட்டத் தொட்டிதான் கைகொடுக்கும்: விட்டு விட்டு ஊறுவதைச் சேர்த்து, பிறகு மேலே ஏற்றலாம்.

புது வீடுகள் மேட்டில் இருந்தால் இரண்டாவது தொட்டியை அந்தப் பக்கமே கேளுங்கள். 10 மீட்டர் உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம்தான் கிடைக்கும். பள்ளத்துத் தொட்டியிலிருந்து மேட்டுத் தெருவின் கடைசிக் குழாயில் நூல் மாதிரிதான் ஒழுகும், ஒரு குடம் பிடிக்கவே அந்தப் பெண்கள் பாடாய்ப் படுவார்கள். கிராம சபையில் முதலில் அவர்களைப் பேசவிடுங்கள்.