கம்பம் – குமுளி பார்சல்: அக்கா மகனை எப்படி மீட்பது?

அப்பாவின் குடிக்கும் அடிக்கும் பயந்து வீடு தங்காத உங்கள் 15 வயது அக்கா மகன், செல்போன் வாங்கித் தந்த ஓர் ‘அண்ணன்’ கொடுக்கும் பார்சலைக் கம்பத்திலிருந்து குமுளிக்கு பஸ்ஸில் கொண்டுபோகிறான் என்று எழுதியிருந்தீர்கள். அநேகமாகக் கஞ்சாதான் சார். சின்னப் பையன் பையை செக்போஸ்ட்டில் கிளற மாட்டார்கள் என்ற கணக்கு. வீட்டில் யாரும் கேட்காத “சாப்பிட்டியாடா”வை அங்கே ஒருத்தன் கேட்கிறான், அதனால் நீங்களும் அடித்தால் அவனிடமே இன்னும் ஒட்டிக்கொள்வான். கொஞ்ச நாள் உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். 2015 சிறார் நீதிச் சட்டப்படி அவனை லாக்கப்பிலோ ஜெயிலிலோ அடைக்கக் கூடாது. பிள்ளையை வைத்துப் போதைப்பொருள் கடத்துகிறவனுக்குத்தான் 78-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவல். ஆனால் 16 முடிந்து பெரிய சரக்கோடு சிக்கினால் பெரியவர்களைப் போல விசாரிக்கவும் இடமுண்டு, அதனால் தள்ளிப்போடாதீர்கள். அந்த அண்ணனிடம் மட்டும் நேரில் போய்ச் சண்டை போட வேண்டாம்.